முடிவை மாற்றினால்தான் புத்தகம் போடுவார்களாம், என்ன செய்ய?

பவானிக்காரி:
குடும்ப நாவல் எழுதுகிறேன். இணையதளத்தில் தொடராகப் போட்ட கதையை ஒரு பதிப்பகம் புத்தகமாகக் கேட்டிருக்கிறது. ஜமக்காளம் நெய்யும் வீட்டில் வாக்கப்பட்டவள் பூங்கொடி. புருஷன் இன்னொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விடுகிறான். மாமியாரும் மருமகளும் தறியை ஓட்டிக் கடனை அடைக்கிறார்கள். கடைசியில் அவன் வாசலில் வந்து நிற்கிறான். பெற்றவள் சோறு போடுகிறாள். பூங்கொடி தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் முடிவு.

"ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சிடுங்கம்மா, இல்லேன்னா வாடகை லைப்ரரிக்காரங்க எடுக்க மாட்டாங்க" என்கிறார் பதிப்பாளர். கூடவே இன்னும் இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம் வேண்டுமாம். அட்டையில் தறி கூடாது, ஜோடிப் படம்தானாம். பக்கம் கூட்டுவது பரவாயில்லை, சாயப்பட்டறையைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதே நிறைய இருக்கிறது. முடிவில் கை வைக்கத்தான் மனசு வரவில்லை. மாற்றிக் கொடுத்துவிடலாமா, இல்லை அமேசான் கிண்டிலில் மின்னூலாக நானே போட்டுக்கொள்ளட்டுமா?

நிலாப்பெண்:
சிஸ், உங்கள் கதையை ஒரு எபி (எபிசோட்) தவறாமல் படித்தவள் நான். கடைசி யூடி (அப்டேட்) வந்த அன்று செம கோபம். வேலையெல்லாம் முடித்து ராத்திரி பதினோரு மணிக்குப் போனை எடுக்கிறவளுக்குச் சுபமாக முடிய வேண்டும் என்று ஆசை இருக்காதா? நாயகனே கொடுமைக்காரனாக வரும் ஆன்டி ஹீரோ கதைக்கு முன்னாடியே எச்சரிக்கை போடுகிற மாதிரி, ஹேப்பி எண்டிங் இல்லை என்று முதலிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். ஆனால் ஒன்று, அடிக்கிறவனோடு ஒட்டிக்கொள்ளும் கதைக்கெல்லாம் கமெண்ட் குவியும்போது, பூங்கொடி மட்டும் ஏன் மாற வேண்டும்?

வாடகைநூலகர்:
அந்த லைப்ரரிக்காரர்களில் நானும் ஒருவன். கும்பகோணத்தில் கடை. பழி எங்கள் மேல் விழுவதால் சொல்கிறேன்.

குடும்ப நாவல் எடுக்க வருபவர்கள் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தைத்தான். உண்மை. முன்பு எடுத்துப் போனவர் அங்கே பென்சிலில் 'ஒரே அழுகை, எடுக்காதே' என்று எழுதி வைத்திருப்பதும் உண்டு. அதே ஆட்கள், தாங்கள் படித்துவிட்ட புத்தகத்தை மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, ஆளுக்கொரு பக்கத்தில் ரகசியமாகப் புள்ளியோ டிக்கோ போட்டு வைப்பார்கள். எனக்கு அந்தப் புள்ளிதான் கணக்கு. சேராமல் முடிந்த கதைகளிலும் புள்ளி நிறைந்தவை என் அலமாரியில் இருக்கின்றன. எந்தப் பதிப்பாளரும் அதை என்னிடம் கேட்டதில்லை. எத்தனை காப்பி வேண்டும் என்று மட்டும் கேட்பார்கள்.

பக்க விஷயம் வேறு. என் கடையில் புத்தக விலையில் பத்து சதவீதம் வாடகை. ஒல்லிப் புத்தகத்துக்கு விலை வைக்க முடியாது, விலை இல்லையென்றால் வாடகையும் இல்லை. இதில் எங்களுக்கெல்லாம் முப்பாட்டன் லண்டனில் 1842இல் வாடகை நூலகம் தொடங்கிய சார்லஸ் மூடி. வருஷத்துக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) சந்தா, ஒரு நேரத்தில் ஒரு தொகுதிதான் கையில் தருவார். நாவல் மூன்று தொகுதியாக வந்தால் ஒரே கதையை மூன்று வீட்டுக்கு அனுப்பலாமே! மூன்றும் சேர்த்து விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். சொந்தமாக யார் வாங்குவார்கள்? எழுதுகிறவர்களும் மூன்று தொகுதிக்கு இழுத்தார்கள். ஜார்ஜ் மூர் என்ற எழுத்தாளரின் நாவல் ஒழுக்கக்கேடு என்று மூடி ஒதுக்க, மூர் அடுத்த நாவலை ஒரே தொகுதியாக ஆறு ஷில்லிங்குக்குக் கொண்டுவந்தார். 1885இல் மூடியை வறுத்தெடுத்து ஒரு சிறுநூலும் போட்டார். ஆனாலும் மூன்று தொகுதி வழக்கம் ஒழிந்தது 1894இல் மூடி நூலகமும் இன்னொரு வாடகை நூலகமான டபிள்யூ.ஹெச்.ஸ்மித்தும் தொகுதிக்கு நாலு ஷில்லிங்குக்கு மேல் தர மாட்டோம் என்று சொன்ன பிறகுதான். அவர்களுக்கே அது கட்டுப்படியாகவில்லை.

அதனால் 32 பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள், அது காசு விஷயம். முடிவு பற்றிப் பதிப்பாளர் சொல்வது அவருடைய ஊகம்.

கோர்ட்டுப்பறவை:
கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957, 57ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கக் கேட்கலாம். ஆனால் 'தேவையான திருத்தங்கள் செய்யலாம்' என்ற வரிக்கு நீங்களே சம்மதித்துவிட்டால் அப்புறம் பேசுவது கஷ்டம். அங்கே 'ஆசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு' என்று சேர்க்கச் சொல்லுங்கள். எத்தனை ஆண்டு என்பதையும் போடுங்கள். போடாவிட்டால் 19ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு.

கிண்டிலில் போட்டால் முடிவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் கேடிபி செலக்ட் என்ற அமேசான் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, தளத்திலிருந்து தூக்க வேண்டும். அச்சுக்குத் தடையில்லை. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களிடமிருந்து, அவர்கள் படித்த பக்கத்துக்குத்தான் பணம் வரும். பக்கம் கூட்டும் ஆசை அங்கேயும் விடாது.

பவானிக்காரி:
எல்லோருக்கும் நன்றி. 32 பக்கம் தருகிறேன், முடிவு அப்படியே இருக்கட்டும் என்று பேசிப் பார்க்கிறேன். ஒத்துவரவில்லை என்றால் கிண்டில். நூலகர் ஐயா, சேராமல் முடிந்தும் புள்ளி நிறைந்திருக்கும் அந்தப் புத்தகங்களின் பெயரைத் தர முடியுமா? பேசும்போது காட்ட வேண்டும்.

வாடகைநூலகர்:
நாளைக்குக் கடை திறந்ததும் பார்த்து அனுப்புகிறேன். அட்டைக்காக மட்டும் சண்டை போடாதீர்கள் அம்மா. ஜோடியோ தறியோ, அலமாரியில் முதுகுதான் தெரியும்.