ஜெனீவாவிலிருந்து ரயிலில் ஒரு நாள்: லவோ திராட்சைத் தோட்டங்களை எப்படிப் பார்ப்பது?

சுருளிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலையின் பொருட்டு இரண்டு ஆண்டுகளாக ஜெனீவாவில் இருக்கிறேன். வரும் செப்டம்பர் பிற்பாதியில் என் பெற்றோர் கம்பத்திலிருந்து வருகிறார்கள். அப்பா நாற்பது ஆண்டுகளாகப் பந்தல் போட்டுப் பன்னீர் திராட்சை பயிரிடுபவர். ஆகவே பனிமலைகளைக் காட்டுகிறேன் என்று சொன்னபோது தலையாட்டியவர், ஏரிக்கரைச் சரிவில் திராட்சை வளர்க்கிறார்கள் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எங்களிடம் கார் இல்லை. காலையில் ரயிலில் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஜெனீவா ஏரிக்கரையில் அந்தத் தோட்டங்கள் உள்ள லவோ பகுதியில் நிறைய சிறிய நிலையங்கள் இருப்பதாக அட்டவணையில் பார்த்தேன். எந்த நிலையத்தில் இறங்குவது நல்லது? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. அப்பா மதுவைத் தொடாதவர். ஒயின் வாங்காமலும் சுவைக்காமலும் தோட்டத்துக்குள் போனால் யாராவது முகம் சுளிப்பார்களா? அந்த நாட்களில் அறுவடையைப் பார்க்க வாய்ப்பு இருக்குமா?

வலிகாமத்தான் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் லோசானில் இருபது வருடங்களுக்கு மேலாக வசிக்கிறேன். இலங்கையில், எங்கள் ஊரில், திராட்சையை முந்திரிகை என்றே சொல்வோம். கீழே அந்தச் சொல் வந்தால் குழம்ப வேண்டாம்.

ஜெனீவாவிலிருந்து லோசானுக்கு விரைவுப் புகையிரதத்தில் ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் ஆகும். அங்கே வெவே பக்கம் போகும் உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். விரைவு வண்டிகள் தோட்டக் கிராமங்களில் நிற்காமல் போய்விடும் என்பதால் இந்த மாற்றத்தில்தான் புதியவர்கள் பலர் தவறிவிடுகிறார்கள். லோசானிலிருந்து போகும்போது வலப்பக்கம் ஏரியும் இடப்பக்கம் தோட்டங்களும் தெரியும். எல்லோரும் வலப்பக்கம் பாய்ந்து இடம் பிடிப்பார்கள்; உங்கள் அப்பாவை இடப்பக்கம் உட்கார வையுங்கள்.

பத்து நிமிடங்களில் கியூயி வரும். எழுத்துக்கும் ஒலிக்கும் தொடர்பில்லாத ஊர்ப்பெயர் அது. பலகையில் இருப்பதை ஆங்கிலம்போல வாசித்துக்கொண்டு காத்திருந்தால் ஒலிபெருக்கியில் சொல்லும்போது பிடிபடாது. அங்கே இறங்கினால், ரயிலைப் போன்ற தோற்றத்தில் தோட்டச் சாலைகளில் ஓடும் சுற்றுலா வண்டி ஒன்று கோடை காலத்தில் புறப்படுகிறது. அம்மாவுக்கு அதுவே உகந்தது. எல்லா நாட்களிலும் ஓடுவதில்லை, ஆகவே அது ஓடும் நாட்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குள் போவதைப் பற்றிய தயக்கம் வேண்டாம். கொடி வரிசைகளுக்கு இடையே ஓடும் சிறு சாலைகள் பொதுவழிகள். மஞ்சள் நிறப் பலகைகள் நடைபாதையைக் காட்டும். பழத்தைப் பறிக்காமல், வரிசைகளுக்குள் இறங்காமல் நடந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். வைன் குடிக்காதவர்களும் ஏராளமாக வருகிறார்கள். முந்திரிகைச் சாறு கேட்டால் பல இடங்களில் கிடைக்கும்.

மலைநடை எழுதியது:

மேலே நண்பர் சொன்ன வழியில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் ரயிலிலேயே சரிவில் ஏறக்கூடிய வாய்ப்பு இருக்கும்போது அதை விடுவானேன்? கியூயியில் இறங்காமல் வெவே வரை போய்விடுங்கள். அங்கிருந்து புய்டூ வரை திராட்சைத் தோட்டங்களின் ஊடாக ஏறும் ஒரு சிறிய பாதை 1904 முதல் இருக்கிறது. ‘திராட்சைத் தோட்ட ரயில்’ என்றே அதற்குப் பெயர். பத்துப் பன்னிரண்டு நிமிடப் பயணம்தான். இடையில் ஷேப்ர் கிராம நிலையத்தில் இறங்கினால் ஏரி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும், எதிர்க்கரையில் பிரான்சின் மலைகள் நிற்கும்.

அங்கிருந்து ரிவா நிலையத்துக்கு இறங்கி நடக்கலாம் என்று வழிகாட்டிகளில் போட்டிருக்கும். ‘இறக்கம்தானே, எளிது’ என்று நம்பிவிடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கொடுமை. என் மாமியாரை அந்த வழியில் அழைத்துப் போய், பாதி வழியில் ஒரு கற்சுவரின்மேல் அரை மணி நேரம் உட்கார வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்மாவோடு ஷேப்ரில் இருந்து பார்த்துவிட்டு அதே ரயிலில் வெவேக்குத் திரும்பி, உள்ளூர் வண்டியில் ரிவாவுக்குப் போய்விடுங்கள். ரிவா நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், மலைச்சரிவுக்குள் கட்டிய வினோரமா என்னும் ஒயின் காட்சிக்கூடம் இருக்கிறது. திராட்சை விவசாயி ஒருவரின் ஓராண்டு வேலையைக் காட்டும் படம் ஒன்றை அங்கே திரையிடுகிறார்கள். அப்பா அதை மிகவும் விரும்புவார் என்று நினைக்கிறேன்.

நன்றாக நடப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சான் சஃபோரானில் இருந்து லூட்ரி வரையான பாதை சுமார் 11 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். வழியில் மர நிழல் அநேகமாக இல்லை. தொப்பி இல்லாமல் போகாதீர்கள்.

கவாத்துக்கத்தி எழுதியது:

வழிகளைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள்; அப்பா என்ன பார்ப்பார் என்பதைப் பற்றி நான் சொல்கிறேன். தோட்டக்கலை படித்தவன், லவோவில் இரண்டு பருவங்கள் அறுவடைக் கூலியாகவும் இருந்திருக்கிறேன்.

முதலில் அவர் தேடப்போவது பந்தலை. அது இருக்காது. கம்பத்தில் தலைக்குமேல் படரும் கொடி இங்கே இடுப்பளவு, நெஞ்சளவு உயரத்தில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நம் ஊரில் வெயிலிலிருந்து குலையைக் காக்கப் பந்தலின் இலைகள் வேண்டும். இங்கே கிடைக்கிற வெயிலைத் தேடித் தேடிக் குலைக்கு ஊட்ட வேண்டும். இந்தச் சரிவுக்கு மூன்று சூரியன்கள் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வது அதனால்தான்: வானத்தில் ஒன்று, ஏரி நீரில் பட்டுத் திரும்புவது ஒன்று, பகலில் சூடேறி இரவில் வெப்பத்தைக் கசியவிடும் கற்சுவர்கள் ஒன்று. தெசலே பகுதியின் சரிவுகளைத் திருத்திச் சுவரெழுப்பத் தொடங்கியவர்கள் 12-ஆம் நூற்றாண்டின் சிஸ்டர்சியன் என்னும் கத்தோலிக்கச் சபையின் துறவிகள். ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள இந்தப் படிக்கட்டுத் தோட்டங்களை 2007-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

அடுத்து கவாத்தை, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுவதைப் பற்றிக் கேட்பார். நம் ஊரில் குளிர் இல்லாததால் கொடி உறங்குவதில்லை. கத்தி படும் நாளைப் பொறுத்தே காய்ப்பு வருகிறது, ஆண்டுக்கு இரண்டு மகசூல் எடுக்க முடிகிறது. இங்கே கொடி குளிர்காலம் முழுவதும் இலையுதிர்த்து உறங்கும். அந்த உறக்கத்தில் ஒருமுறை கவாத்து, இலையுதிர் காலத்தில் ஒரே அறுவடை. ஆலங்கட்டி மழை ஒருநாள் அடித்தால் அந்த ஆண்டே போயிற்று. அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆறுதல் இவர்களுக்குக் கிடையாது. இதைச் சொன்னால் உங்கள் அப்பாவுக்கு மற்ற விளக்கங்கள் தேவைப்படாது.

பெரும்பாலும் ஷாஸ்லா என்னும் வெள்ளைத் திராட்சை. பழமாகவும் உண்ணத்தக்கது, புளிப்புக் குறைவு. செப்டம்பர் பிற்பாதியில் அறுவடை நடக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் அந்த ஆண்டின் வெயிலைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். சரிவு செங்குத்தாக இருப்பதால் பறிப்பது கையால்தான். ஒற்றைத் தண்டவாளத்தில் பெட்டிகளைச் சுமந்து மேலேறும் சின்ன எந்திர வண்டியை அப்பாவுக்குக் கட்டாயம் காட்டுங்கள். தலைச்சுமையாகக் கூடை தூக்கியவர்கள் அதைப் பார்க்கும் பார்வையே தனி. அறுவடை வண்டிகளுக்கு வழிவிட்டு நில்லுங்கள், அந்த வாரங்களில் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது.

சுருளிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. முந்திரிகைத் தோட்டம் என்று அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, பாயசத்துக்குப் போடுகிற முந்திரி அங்கே விளைகிறதா என்று கேட்டுவிட்டார்கள். காலையில் வெவே, ஷேப்ர், பிறகு ரிவா என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாவும் நானும் மட்டும் தெசலே பக்கம் கொஞ்சம் நடப்போம். அதுவரை அம்மா காட்சிக்கூடத்தில் இருப்பார்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. உணவுக்கு என்ன செய்வது?

வலிகாமத்தான் எழுதியது:

ஞாயிறென்றால் கிராமத்துக் கடைகள் பூட்டியிருக்கும். புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கள். கிராமத்து நீரூற்றுகளில், குடிக்கத் தகாதது என்று பலகை இல்லையென்றால், போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். போகும் நாள் உறுதியானவுடன் நாள் முழுவதற்குமான பயணச்சீட்டை வாங்கிவிடுங்கள். முந்தி வாங்கினால் விலை குறையும்.