தொண்ணூறு நிமிடத்தில் அடங்காத நியூயார்க் கச்சேரி

ஒருமுறை கேட்டுவிட்டு ஒதுக்கிய ஆல்பத்தை மறுபடி எடுத்துக் கேட்டதுண்டா என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி சாங் ரிமெய்ன்ஸ் தி சேம்’, கச்சேரியிலேயே பதிவு செய்த நேரலை ஆல்பம். முதல் முறை கேட்டது 1988-இல், இரண்டாவது முறை போன மாதம். நடுவில் இருந்த வருஷமெல்லாம் அதைத் திட்டியே ஓட்டினேன்.

கல்லூரி விடுதியில் பக்கத்து அறை அண்ணன் ஒருவரிடம் அந்த இரட்டை எல்.பி. இசைத்தட்டு இருந்தது. அவருடைய மாமாவுக்குக் கப்பலில் வேலை. யாருக்கும் இரவல் தராத மனிதர், எனக்கு மட்டும் ஒரு நாள் கொடுத்தார். அதைச் செய்தித்தாளில் சுற்றி, சைக்கிளில் மடிமேல் வைத்தபடி ரெக்கார்டிங் சென்டருக்குப் போனேன். சாயங்காலமானால் இளையராஜா பாட்டுப் பதிய வரிசை நிற்கும் கடை அது. கடைக்காரர் உறையைத் திருப்பிப் பார்த்து, “மொத்தம் எத்தனை பாட்டு தம்பி?” என்றார். ஒன்பது என்றேன். “ஒன்பதுக்கு எதுக்குப்பா நைன்ட்டி நிமிஷ கேசட், சிக்ஸ்டியே போதுமே” என்றார். நான் கெத்தாக நைன்ட்டி கேசட்டையே நீட்டினேன்.

அந்த ஒன்பது பாட்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 100 நிமிடம் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கேட்டேன், பிடிக்கவில்லை. முதல் பாட்டு ‘ராக் அண்ட் ரோல்’. ஸ்டுடியோ பதிவில் பாடகர் ராபர்ட் பிளாண்ட் கூரையைப் பிய்ப்பார். இங்கே உச்சிக்கே போகாமல் கீழேயே பிடித்துப் பாடுகிறார். சரி, தொண்டை கட்டிவிட்டது போல என்று விட்டேன். அப்புறம் ‘டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்’ வந்தது. எல்.பி.யில் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டுதான், ஏறக்குறைய 27 நிமிடம். ஜிம்மி பேஜ் வயலின் வில்லை எடுத்துக் கிதார் கம்பிகளில் இழுக்க ஆரம்பிக்கிறார். இழுக்கிறார், இழுக்கிறார், பிறகு கிதார் எங்கேயோ ஓடுகிறது, தாளம் பின்னாலேயே துரத்துகிறது, ‘டக்’. கேசட் முடிந்துவிட்டது.

பி பக்கத்திலும் இதே கதைதான். ‘ஹோல் லாட்டா லவ்’ அந்தப் புகழ்பெற்ற ரிஃபோடு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கோடு தொடங்கி, கொஞ்ச நேரத்தில் அதைக் கைவிட்டுவிட்டு வேறெங்கோ போய்ப் பூகி என்கிற துள்ளல் ப்ளூஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது ‘டக்’.

விடுதியில் அன்றைக்கு நேரலை ஆல்பம் என்றால் இன்னொரு ராக் குழுவான டீப் பர்பிளின் ‘மேட் இன் ஜப்பான்’தான் வேதம். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்தது. அதில் எல்லாம் கச்சிதம். அதன் பக்கத்தில் வைத்தால் செப்பலின் ஊர் சுற்றப் போய் வீட்டுக்கே வராத பிள்ளை மாதிரி இருந்தது. “இவனுங்களுக்குப் பாட்டை ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது” என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். இதைச் சொல்லி எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

போன மாதம் வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. மூன்று நாளைக்குப் போனைத் தொடக்கூடாது என்று மகள் சட்டம் போட்டுவிட்டாள். “அப்பா, உங்க பேண்ட் ஏதோ போட்டிருக்கேன், கேட்டுட்டுத் தூங்குங்க” என்று ஹெட்போனை மாட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டே நொடியில் எந்த ஆல்பம் என்று தெரிந்துவிட்டது. தாண்டிப் போகலாம் என்றால் போன் மேஜைமேல் இருக்கிறது. வீட்டில் எழுப்பிக் கேட்கவும் கூச்சம். சரி, ஓடட்டும்.

அவள் போட்டது 2007-இல் புதுப்பித்து, ஆறு பாட்டு கூடுதலாகச் சேர்த்து வந்த பதிப்பு. அந்த ஆறில் ஒன்றான ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’ வந்தபோதே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் கேலி செய்த அதே தொண்டைதான். ஆனால் அந்தச் சோக ப்ளூஸுக்கு அந்தக் களைப்பு அப்படிப் பொருந்துகிறது. இது பதிவானது 1973 ஜூலை 27, 28, 29 இரவுகளில், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில். அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் கடைசி மூன்று இரவுகள். மே மாதம் தொடங்கிய பயணம். அதன் தொடக்கத்தில் டாம்பாவில் மட்டும் 56,800 பேர் முன்னால் பாடியிருக்கிறார்கள். ஆக, அது பயணத்தின் கடைசியில் மிச்சமிருந்த குரல். மிச்சத்தை வைத்து ஒருவர் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்பதைக் கேட்கும் வயசு எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது போல.

‘ரெயின் சாங்’கில் பின்னால் ஒரு வயலின் கூட்டமே வாசிக்கிற மாதிரி கேட்கும். மேடையில் வயலின் எதுவும் கிடையாது. ஜான் பால் ஜோன்ஸ் மெலோட்ரான் வாசிக்கிறார். அது கேசட்டுக்குப் பெரியப்பா முறை. ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் ஒரு துண்டு டேப் இருக்கும், கட்டையை அழுத்தினால் அது ஓடும். எட்டு நொடி போல ஓடி முடிந்துவிடும், அதற்குள் விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். டேப் தீர்ந்துவிடும் என்று தெரிந்துகொண்டே அந்த மனிதர் அவ்வளவு நிதானமாக வாசிக்கிறார்.

‘மோபி டிக்’ டிரம்ஸ் வாசிக்கும் ஜான் பான்ஹாமின் தனி ஆவர்த்தனம். நம் சபாவில் தனி தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்குப் போவார்களே, அந்தப் பாதியில் நானும் ஒருவன், இதிலும் அப்படித்தான் இருந்தேன். இந்த முறை போக வழியில்லை. குச்சியை வைத்துவிட்டு வெறும் கையால் அடிக்கிற இடத்தில் தோலின் சத்தமே வேறு மாதிரி இருக்கிறது. மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது சட்டென்று பிடிபடுகிறது.

கடைசியாக ‘ஹோல் லாட்டா லவ்’. பூகி வந்தது. என் கேசட் அறுந்துபோகும் இடம் மனசுக்குள் தன்னால் வந்தது. ‘டக்’குக்குத் தயாராக இருந்தேன். வரவில்லை. பாட்டு மேலே போனது. ஆட்டம் அடங்கியது. பிளாண்ட் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திக் கூப்பிடுகிறார், நடுவில் வெறும் அமைதி, அப்புறம் அந்த ரிஃப் முழு பலத்தோடு வந்து விழுகிறது. எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பல்லவி எடுப்புக்கு வந்து சேருகிற அந்த நொடி. நான் இத்தனை வருஷமாக இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த நொடி. கண்ணில் தண்ணீர் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதைப் பற்றி மேலே எழுதவில்லை.

எல்லாம் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டு நடுவில் பிளாண்ட் சிரிப்பைப் பற்றிக் கேட்கிறாரே ஒரு கேள்வி, அது இன்றைக்கும் கூச வைக்கிறது. வில் இழுக்கும் பகுதியில் ஐந்து நிமிடம் வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். உங்களுக்குக் கேசட் கெடுத்தது, எனக்குப் படம் கெடுத்தது. 1976-இல் இந்த ஆல்பம் வந்ததே அதே பெயரில் வந்த படத்துக்காகத்தானே. கல்லூரி நாளில் வாடகை வி.சி.ஆரில் ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம். கச்சேரி சூடு பிடிக்கும் நேரத்தில் பேஜ் ராத்திரியில் மலை ஏறி ஒரு சாமியாரைப் பார்க்கப் போவார். பேண்டின் மேனேஜர் பீட்டர் கிராண்ட் தாதா வேஷத்தில் மெஷின் கன்னால் சுடுவார். நாங்கள் சிரித்துச் சிரித்து, பாட்டை யாருமே கேட்கவில்லை.

மூன்று இரவு படம் பிடித்தும் நிறைய இடங்களுக்குக் காட்சி போதவில்லையாம். 1974-இல் இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் மேடையை அப்படியே போட்டு, மறுபடி வாசிப்பதுபோல நடித்திருக்கிறார்கள். ஜோன்ஸ் அதற்குள் முடி வெட்டிக்கொண்டுவிட்டதால் அவருக்கு விக். இது தெரிந்த பிறகு படத்தில் அவர் தலையைத் தவிர வேறு எதையும் என்னால் பார்க்க முடிந்ததில்லை. கச்சேரி நடந்த நாட்களில் அவர்கள் தங்கியிருந்த டிரேக் ஹோட்டல் லாக்கரிலிருந்து சுமார் இரண்டு லட்சம் டாலர் ரொக்கம் காணாமல் போனதும் படத்தில் வரும். எனக்கு அந்தப் பகுதிதான் சுவாரசியமாக இருந்தது என்றால் பாருங்கள்.

ஒரு நாள் ராத்திரி பஸ்ஸில், ஜன்னலோரம், இருட்டில் ‘நோ குவார்ட்டர்’ மட்டும் கேட்டேன். ஜோன்ஸின் எலக்ட்ரிக் பியானோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. விக் ஞாபகமே வரவில்லை. கண்ணை மூடிக் கேட்க வேண்டிய ஆல்பத்துக்குப் படம் எடுத்ததுதான் தப்பு.

*

நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தேன், நான் எதிர்க்கட்சி. உங்கள் பேச்சைக் கேட்டு நானும் நேற்று மறுபடி முழுசாகக் கேட்டேன் சார், எனக்கு இன்னும் ஒட்டவில்லை. என் தலைமுறைக்கு இவர்களின் நேரலை என்றால் 2003-இல் வந்த ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வன்’. 1972 ஜூன் 25-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் 27-இல் லாங் பீச்சிலும் வாசித்தவை. நியூயார்க்குக்கு ஒரு வருஷம் முந்தி. அதே ‘ராக் அண்ட் ரோல்’ அதில் எப்படிப் பாடுகிறார் என்று கேளுங்கள், குரல் இன்னும் தேயவில்லை. 1997-இல் பி.பி.சி. பதிவுகள் வரும்வரை நியூயார்க் ஒன்றுதான் அதிகாரபூர்வ நேரலை ஆல்பம், உங்களுக்கெல்லாம் வேறு வழியில்லை, அதனால் பாசம் என்று நினைக்கிறேன். திட்டாதீர்கள்.

‘ரெயின் சாங்’ மட்டும் உங்கள் பக்கம். அதை மூன்று தடவை போட்டேன்.

*

திட்டுவேனா அம்மா, முப்பத்தைந்து வருஷம் நான் பேசியதைத்தான் நீ பேசுகிறாய். அதுவும் முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறாய், எனக்கு அந்த யோக்கியதைகூட இருக்கவில்லை.

ஒரு பின்குறிப்பு. கண் கட்டுக்காவல் முடிந்ததும் முதல் வேலையாகப் பரண் ஏறி அந்தக் கேசட்டைத் தேடினேன். வீட்டில் வாங்கிய திட்டு தனி. வாழைக்காய் சிப்ஸ் டின் ஒன்றில் மற்ற கேசட்டுகளோடு கிடந்தது. நாடா ஒட்டிக்கொண்டு, ஓட்டிப் பார்க்கிற நிலையில் இல்லை. உள்ளே மடித்து வைத்த அட்டையில் கடைக்காரர் பால் பாயின்ட் பேனாவால் ஒன்பது பாட்டையும் வரிசையாக எழுதியிருக்கிறார். அதை ஒருநாள்கூடக் கடைசி வரை படித்ததில்லை போலிருக்கிறது. ஒன்பதாவது பாட்டுக்குப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், ‘பாதிதான் ஏறுச்சு. இன்னொரு கேசட் கொண்டு வரவும்’.