14 வயசுப் பெடியனுக்கு ஒரு நாளைக்கு எத்தினை ஓவர்?

உப்புவெளியான்:
அக்காவின்ர மகன் வேகப்பந்து போடுறவன். போன சனி திருகோணமலை மெக்கெய்சர் மைதானத்தில காலமை வெயிலுக்க ஒரே மூச்சில 9 ஓவர், பின்னேரம் இன்னும் 6. இரவு கீழ விழுந்த கரண்டியை எடுக்கக் குனியேலாமல் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டான். கோச்சைக் கேட்டால், "விக்கெட் விழுந்துகொண்டிருக்கேக்க எப்பிடி மாத்துறது?" எண்டார். இங்கிலாந்து கிரிக்கெட் சபையின்ர வழிகாட்டலில இந்த வயசுக்குத் தொடர்ந்து 6 ஓவர், நாளுக்கு 12 எண்டு இருந்தது. 15 ஓவர் போடுவிச்சது சரியோ?

பழைய கீப்பர்:
தம்பி, நாங்கள் பாய் விரிச்ச மட்டிங் விக்கெட்டில நாளுக்கு 20 ஓவர் போட்ட ஆக்களோட விளையாடினனாங்கள். ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்லை. இப்பத்தைப் பெடியளுக்குப் போன் பிடிச்சுப் பிடிச்சுத்தான் முதுகு போச்சு.

உப்புவெளியான்:
ஒண்டும் ஆகாத ஆக்கள்தானே அண்ணை இண்டைக்கும் மைதானத்துக்கு வந்து கதைக்கினம். முதுகு போனவை எங்கையெண்டு தேடிப் பாத்தனீங்களோ?

நெட்ஸ் மாஸ்டர்:
நானும் கோச்தான், வேற பள்ளிக்கூடம். எங்களை மட்டும் திட்டாதேங்கோ. எனக்குக் கிழமைக்கு மூண்டு பின்னேரம்தான். என்ர வேகப்பந்துப் பெடியன் ஞாயிறு கிளப்புக்கு சொப்ட்போல் கிரிக்கெட்டிலயும் போடுறான். அதை ஆர் எண்ணினது? என்னட்ட வரேக்கையே முதுகைத் தடவிக்கொண்டுதான் வாறான். கேட்டால் "நோவில்லை சேர்" எண்டுவான், டீமை விட்டு எடுத்துப்போடுவன் எண்ட பயம். மாரி மழை தொடங்க முதல் மெட்ச் எல்லாத்தையும் முடிக்கவும் வேணும். வேகமாப் போட ஒரே ஒருத்தன் எண்டால் ஆரிட்டப் பந்தைக் குடுக்கிறது?

திருமலை பிசியோ:
மாஸ்டர், அதுக்குத்தான் ஓவரை இல்லை, பந்தை எண்ண வேணும் எண்டுறது. பயிற்சிப் பந்தும் அதே முதுகாலதான் போகுது. அமெரிக்காவில சின்னப் பிள்ளையளின்ர லிட்டில் லீக் பேஸ்போலில 2007இல இருந்து பந்துக்கணக்கு. 11, 12 வயசுக்காரன் நாளுக்கு 85 பந்துக்கு மேல எறியேலாது. 66ஐத் தொட்டாலே நாலு நாள் ஓய்வு. கோச்சின்ர மனச்சாட்சிக்கு விடேல்லை, சட்டமாப் போட்டிட்டினம்.

பழைய கீப்பர்:
பேஸ்போலையும் இதையும் ஒரே தராசில போடாதேங்கோ பிள்ளை. அவன் முழங்கையை மடக்கி எறியிறான். அதோட, டொமி ஜோன் எண்ட பேஸ்போல் பிச்சர், பந்து எறியிறவர், 1974இல முழங்கையில ஒபரேசன் செய்துபோட்டு வந்து, அதுக்குப் பிறகும் 164 மெட்ச் வெண்டவர்.

திருமலை பிசியோ:
வித்தியாசம் சரிதான் ஐயா. அங்க முழங்கை, இங்க இடுப்புக்குக் கிட்ட முள்ளந்தண்டு. வலக்கையால போடுறவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் எலும்பில மயிர்வெடிப்பு வரும். ஒவ்வொரு பந்துக்கும் உடம்பு சரிஞ்சு முறுகிறதால வாறது. பிடிபட்டால் மாசக்கணக்கில பந்தைத் தொடேலாது. டொமி ஜோனுக்கு அப்ப 31 வயசு, எலும்பு வளர்ந்து முடிஞ்ச ஆள். இவன் இன்னும் உயருறான்.

நெட்ஸ் மாஸ்டர்:
யப்பானில 2018 கோடைக் கோஷியென், பள்ளிக்கூடங்களின்ர பேஸ்போல் தொடர், பாத்தனீங்களோ? கொசெய் யொஷிதா எண்ட பள்ளிக்கூடப் பெடியன் ஒரே தொடரில 881 பந்து எறிஞ்சு கமத்தொழில் பள்ளிக்கூடமொண்டைப் பைனலுக்குக் கொண்டுபோனான். ஊரே அழுதது. எனக்கும் புல்லரிச்சது, பொய் சொல்லேல்லை.

உப்புவெளியான்:
பைனலில 13-2 எண்டு தோத்ததையும் சொல்லுங்கோ சேர். பிறகு 2020இல கிழமைக்கு 500 பந்து எண்டு அவையளே கட்டுப்பாடு வைச்சினம்.

நெட்ஸ் மாஸ்டர்:
சரி. நான் முந்தி ஒரு கொப்பி போட்டனான். வீட்டில போடுற பந்தையும் எழுதித் தாங்கோ எண்டு தாய் தேப்பனிட்டக் குடுத்தன். ரெண்டு கிழமைதான் வந்தது. மூண்டாங்கிழமை, "மகனை ஏன் பைனலில நிப்பாட்டினீங்கள்?" எண்டு சண்டைக்கு வந்திச்சினம்.

பழைய கீப்பர்:
அது உண்மை. தேப்பன்மார்தான் பெரிய கோச்மார். வாற சனி நான் ஸ்கோர் எழுத வாறன் தம்பி. 6 ஓவர் முடிய எழும்பிக் கத்துறன்.

திருமலை பிசியோ:
வாற சனி அவன் ஒரு பந்தும் போடக்கூடாது. உப்புவெளியான், குனியேலாமல் நிண்டவன் எண்டு நீங்கள்தானே எழுதினீங்கள்? முதல் டொக்டரிட்டக் காட்டி ஸ்கான் எடுங்கோ.

உப்புவெளியான்:
சனிதான் அரையிறுதி அக்கா.

திருமலை பிசியோ:
தெரியும்.