5 மி.மீ. எவர்சில்வர் பிளேட்டில் ஓட்டை இறங்கவே இல்லை, பிட்டெல்லாம் மழுங்குகிறது, என்ன செய்யலாம்?

மொட்டைமாடிப் பட்டறை (திருச்சி):

அம்மாவுக்கு மணிக்கட்டில் வலி. இடியாப்ப அச்சை அழுத்திப் பிழிய முடியவில்லை. நீளமான கைப்பிடியை மேலிருந்து கீழே இழுத்தால் அச்சு தானாக அழுந்துகிற மாதிரி ஒரு ஸ்டாண்டு செய்து கொடுக்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். சாப்பாட்டுச் சாமான் என்பதால் முழுக்க எஸ்.எஸ். (எவர்சில்வர்) போடத்தான் ஆசை. பழைய இரும்புக் கடையில் 5 மி.மீ. கனத்தில் பிளேட் துண்டுகள் கிடைத்தன. 304 ரகம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், காந்தமும் ஒட்டவில்லை.

என்னிடம் இருப்பது சாதாரணக் கை டிரில். ஒரே வேகம்தான், மேலே 2,600 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2,600 சுற்று) என்று போட்டிருக்கிறது. பெஞ்ச் வைஸ், கிரைண்டர், தங்க நிறப் பூச்சு போட்ட எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் செட் ஒன்றும் இருக்கின்றன. கைப்பிடி திரும்பும் இடத்தில் 10 மி.மீ. ஓட்டைகள் வேண்டும், அடிப்பலகையில் எம்8 (8 மி.மீ. போல்ட்டுக்கான) மரை வேண்டும்.

5 மி.மீ. பிட்டில் ஆரம்பித்தேன். முதலில் கொஞ்சம் சுருள் வருகிறது. அப்புறம் கீச்சென்று சத்தம், புகை, முனை நீலமாகி மழுங்கிவிடுகிறது. ஓட்டையின் அடி மெருகேற்றியது போலப் பளபளக்கிறது, அதற்கு மேல் புதுப் பிட் போட்டாலும் ஒரு நூல்கூட இறங்கவில்லை. இதே செட்டில் இரும்பு ஆங்கிளில் எத்தனையோ ஓட்டை போட்டிருக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. தண்ணீர் ஊற்றியும் பார்த்தாயிற்று. பிட் மட்டமா, பிளேட் வேறு ஏதாவதா, இல்லை நான் செய்கிற முறையே தப்பா? பட்டறை வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை லேத்:

அந்தப் பளபளப்பு இருக்கிறதே, அதுதான் விஷயம். 304 மாதிரியான எஸ்.எஸ். தேய்க்கத் தேய்க்க இறுகும். பிட் சீவாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து சுற்றினால் அந்த இடத்தின் மேல்தோல் கடினமாகிவிடும், அதன் பிறகு வருகிற புதுப் பிட்டும் அந்தத் தோலில் மோதித்தான் மழுங்குகிறது. இரும்பு ஆங்கிளில் இந்தத் தொல்லை கிடையாது.

இன்னொன்று சூடு. எஸ்.எஸ். சூட்டைக் கடத்துவதில் மந்தம், சாதாரண இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும். அதனால் உண்டாகிற சூடு பிளேட்டுக்குள் பரவாமல் பிட்டின் முனையிலேயே நிற்கிறது. நீலமாவது அதனால்தான்.

காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று முடிவு கட்டாதீர்கள். 202 என்ற ரகத்தையும் காந்தம் பிடிக்காது. 202இல் நிக்கலைக் குறைத்து அதற்குப் பதில் மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள், விலை குறைவு, ஆனால் அது 304ஐ விடவும் சீக்கிரம் இறுகும், உப்புத் தண்ணீர் பட்டால் துருவும் பிடிக்கும். எஸ்.எஸ். ஸ்கிராப் எடுக்கிற பெரிய கடைகளில் ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்துச் சொல்வார்கள். ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கேளுங்கள். சமையலறைக்குப் போகிற பொருள் என்பதால் அந்தச் சிரமத்துக்கு மதிப்பு உண்டு.

ஓய்வுபெற்ற ஃபிட்டர் (அம்பத்தூர்):

தம்பி, உங்கள் பிட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் வேகக் கணக்கைப் பார்க்கலாம். பிட்டின் வெளிவிளிம்பு ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓடுகிறது என்பதுதான் வெட்டும் வேகம். 3.14ஐ பிட்டின் விட்டத்தாலும் ஆர்பிஎம்மாலும் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 5 மி.மீ. பிட் 2,600இல் சுற்றினால் 41 மீட்டர் வரும், 10 மி.மீ. பிட்டுக்கு 82 வரும். எச்.எஸ்.எஸ். பிட்டால் 304ஐ வெட்ட 10, 12 மீட்டர்தான் நல்லது, நல்ல எண்ணெயும் உறுதியான மெஷினும் இருந்தால் 15 வரை போகலாம். ஆக நீங்கள் 5 மி.மீ. பிட்டிலேயே மூன்று மடங்குக்கு மேல் வேகமாக ஓட்டுகிறீர்கள், 10 மி.மீ. போட்டால் ஏழு மடங்கு. எந்தப் பிட்டைப் போட்டாலும் அந்த வேகத்தில் எரியத்தான் செய்யும்.

நிமிடத்துக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4 மி.மீ. பிட்டுக்கு ஏறக்குறைய 950 ஆர்பிஎம், 5க்கு 760, 8க்கு 480, 10க்கு 380. கண்ணால் பார்த்தால் பிட்டின் பள்ளம் சுற்றுவது தெரிய வேண்டும், அவ்வளவு மெதுவாக இருக்கும்.

மெதுவாகச் சுற்றினால் மட்டும் போதாது, அழுத்தமும் வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் பிட் எரிகிறதே என்று பயந்து அழுத்தத்தைக் குறைப்பார்கள், எஸ்.எஸ்.ஸில் அதுதான் பிட்டைக் கொல்லும். ஒவ்வொரு சுற்றிலும் முனை கொஞ்சமாவது சீவி எடுத்தாக வேண்டும், முந்தின சுற்றில் இறுகிய தோலுக்குக் கீழே போய் வெட்ட வேண்டும். உடம்பின் எடையைச் சாய்த்து அழுத்துங்கள். சுருள் தொடர்ந்து வருகிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருங்கள். சுருள் நின்று பொடியாக வந்தாலோ ஒன்றுமே வராமல் கீச்சிட்டாலோ அந்த நொடியே டிரில்லை வெளியே எடுத்துவிடுங்கள். சும்மா சுற்றவிட்டு யோசிக்காதீர்கள்.

பிட் உட்கார மையத்தில் குழி போடுகிற சென்டர் பஞ்சும் அப்படித்தான். ஓங்கி ஓங்கி அடித்தால் அந்தப் புள்ளியே இறுகிவிடும். பிட் நழுவாமல் உட்காருகிற அளவுக்கு ஒரே ஒரு லேசான அடி போதும்.

வார இறுதி வேலைக்காரர்:

என் அனுபவத்தில் 3 மி.மீ.யில் ஆரம்பித்து 4, 5, 6, 7 என்று படிப்படியாகப் பெரிதாக்கினால் சுலபமாகப் போகிறது. கை டிரில்லுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன். வேகத்துக்கு ஒரு ஃபேன் ரெகுலேட்டர் மாட்டிக் குறைத்துக்கொள்ளலாமே?

ஓய்வுபெற்ற ஃபிட்டர் (அம்பத்தூர்):

இரண்டுமே வேண்டாம் நண்பரே. இரும்பில் அந்தப் படிப்படி முறை ஓடிவிடும். எஸ்.எஸ்.ஸில் 6 மி.மீ. ஓட்டையை 7 ஆக்கப் போனால் பிட்டின் இரண்டு ஓரங்களில் அரை அரை மி.மீ. மட்டும் தொடும், பிட்டின் மூலைகள் அந்த ஓட்டையில் மாட்டி உதறும், உதறினால் கை அழுத்தத்தைக் குறைக்கும், குறைத்தால் தேய்க்கும். மூலைதான் முதலில் போகும். 10 மி.மீ. ஓட்டைக்கு முதலில் 4, அப்புறம் நேராக 10. முதல் ஓட்டையின் வேலை பெரிய பிட்டின் நடுமுனைக்கு வழிவிடுவது மட்டும்தான். அந்த நடுப்பகுதி வெட்டாது, நசுக்கும், அதனால் அதற்கு மட்டும் இடம் இருந்தால் போதும். கை டிரில்லால் 10ஐ ஒரே மூச்சில் தள்ள முடியவில்லை என்றால் 4, 7, 10. அதற்கு மேல் படி வேண்டாம்.

ஃபேன் ரெகுலேட்டர் சின்ன மோட்டாருக்கானது, டிரில் இழுக்கிற கரண்டை அது தாங்காது, சூடாகிக் கருகும். அப்படியே தாங்கினாலும் வேகத்தோடு சேர்ந்து மோட்டாரின் இழுவையும் போய்விடும், அழுத்தினால் நின்றுவிடும். நமக்கு வேண்டியது வேகம் குறைந்து இழுவை கூடுவது. அதைக் கியர்தான் தரும்.

கோவை லேத்:

கியருக்குச் சுலபமான வழி பேட்டரி டிரில். அதன் தலையில் 1, 2 என்று ஒரு நகர்த்தி இருக்கும், 1இல் வைத்தால் பெரும்பாலும் 400, 450க்குள்தான் சுற்றும், இழுவையும் நன்றாக இருக்கும். 10 மி.மீ. பிட்டுக்கு அது கச்சிதம். யாரிடமாவது இருந்தால் ஒரு நாளைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியல் படம் போட்ட நிலையில் மட்டும் வைக்காதீர்கள்.

பிட்டும் மாற்றுங்கள். இதற்கு கோபால்ட் பிட் என்று கேட்க வேண்டும், எம்35 என்று தண்டில் பொறித்திருக்கும். அதில் 5 சதவீதம் கோபால்ட் கலந்திருக்கும், சூட்டிலும் கூர்மை நிற்கும். முனைக் கோணம் 135 டிகிரி, நடுமுனை பிளந்ததாக இருந்தால் இன்னும் நல்லது, அது வழுக்காமல் தானே உட்காரும். உங்கள் செட் 118 டிகிரியாகத்தான் இருக்கும். தங்க நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், மலிவான செட்டுகளில் அது வெறும் நிறம். செட்டாக வாங்காமல் 4, 7, 10 மூன்றை மட்டும் நல்லதாக வாங்கினால் போதும்.

ஏற்கெனவே இறுகிப்போன ஓட்டையில் புதுப் பிட்டை விடாதீர்கள், அதுவும் போய்விடும். பிளேட்டைத் திருப்பிப் போட்டு, ஓரத்திலிருந்து அளந்து, பின்பக்கத்தில் அதே மையத்தைக் குறித்து அங்கிருந்து வாருங்கள். கடைசியில் அந்த இறுகிய தோல் மெல்லியதாகத்தான் மிச்சமிருக்கும், அழுத்தம் விடாமல் போனால் உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

மொட்டைமாடிப் பட்டறை (திருச்சி):

மிக்க நன்றி ஐயா, நன்றி கோவை அண்ணா. வேகம் இவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போதுதான் புரிகிறது. தண்ணீருக்குப் பதில் என்ன ஊற்றுவது? கட்டிங் ஆயில் இங்கே பெரிய டின்னாகத்தான் கிடைக்கிறது. சாப்பாட்டுச் சாமானில் அதைப் பயன்படுத்தவும் தயக்கமாக இருக்கிறது.

சமையலறைத் தச்சர்:

தேங்காய் எண்ணெய். கிண்டல் இல்லை, வேலூர் விஐடியில் 304 எஸ்.எஸ்.ஸைக் கடைவதற்கு எந்த எண்ணெய் நல்லது என்று ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். தேங்காய் எண்ணெய், தண்ணீரில் கலக்கும் கட்டிங் ஆயில், தண்ணீரில் கலக்காத கட்டிங் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில் வெட்டுளித் தேய்மானமும் மேற்பரப்பின் வழவழப்பும் தேங்காய் எண்ணெயில்தான் மேலாக இருந்தன. அது லேத் வேலை, டிரில் இல்லை, ஆனாலும் உலோகம் அதேதான். நான் பாத்திர வேலைகளுக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். ஒரு பழைய பிரஷ்ஷில் தொட்டு, பிட் சுற்றும்போது ஓட்டையின் வாயில் விட்டுக்கொண்டே இருங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. வெறும் தண்ணீர் சூட்டைக் குறைக்குமே தவிர வழுக்கலைத் தராது.

சூடான பிட்டைத் தண்ணீரில் முக்குகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வெட்டும் முனையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அடுத்த ஓட்டையில் துணுக்காக உடையும். எண்ணெய் விட்டு ஓரமாக வையுங்கள், தானாக ஆறட்டும்.

வார இறுதி வேலைக்காரர்:

ரெகுலேட்டர் விஷயம் தெளிவாயிற்று, நன்றி. பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதைச் சொல்லிவிடுகிறேன். பிளேட்டைக் கையால் பிடிக்கவே கூடாது. ஓட்டை மறுபக்கம் வெளிவருகிற நேரத்தில் பிட் பிளேட்டைக் கவ்விச் சுழற்றும், 5 மி.மீ. எஸ்.எஸ். ஓரம் சுழன்றால் விரல் போய்விடும். கீழே ஒரு மரக்கட்டை வைத்து இரண்டு இடத்தில் கிளாம்ப் போடுங்கள். வெளிவரப் போகிறது என்று தெரிந்ததும் உடம்பின் எடையை எடுத்துவிட்டு, கை அழுத்தத்தை மட்டும் விடாமல், டிரில்லை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுவை அதிகமுள்ள பேட்டரி டிரில் மணிக்கட்டையே முறுக்கிவிடும், உங்கள் வீட்டில் இன்னொரு மணிக்கட்டு வலி வேண்டாம். பக்கவாட்டுக் கைப்பிடி இருந்தால் கட்டாயம் மாட்டுங்கள். டிரில் வேலைக்குக் கையுறை போடக் கூடாது, சுற்றிக்கொள்ளும். எஸ்.எஸ். சுருள் பிளேடு மாதிரி அறுக்கும், அதைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். கண்ணாடி இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது.

மொட்டைமாடிப் பட்டறை (திருச்சி):

வேலை முடிந்தது! பேட்டரி டிரில் இரவல் கிடைத்தது, எம்35 பிட் வாங்கினேன், தேங்காய் எண்ணெய் வீட்டிலேயே இருந்தது. பிளேட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து இறக்கினேன், நீளமான சுருளாக வந்துகொண்டே இருந்தது, புகையே இல்லை. 10 மி.மீ. ஓட்டைகள் எல்லாம் போட்டாயிற்று, பிட் இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. துண்டைக் கடையில் கொடுத்துச் சோதித்தும் பார்த்துவிட்டேன், 304தான்.

அடுத்தது எம்8 மரை. 6.8 மி.மீ. ஓட்டை போட்டு டேப் (மரை வெட்டும் கருவி) விட வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. டேப் உள்ளே உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஃபிட்டர் (அம்பத்தூர்):

நல்ல சேதி தம்பி. மரை விஷயத்தில் முதல் யோசனை, மரையே போடாதீர்கள். அடிப்பலகைக்குக் கீழே நட் வைக்க இடம் இருக்கிறது என்றால் 9 மி.மீ. ஓட்டை போட்டு போல்ட், வாஷர், நட் என்று முடித்துவிடலாம். கழற்றிக் கழுவவும் வசதி.

கட்டாயம் மரைதான் வேண்டும் என்றால் எஸ்.எஸ்.ஸுக்கு 6.8ஐ விட 7 நல்லது, ஏற்கெனவே வாங்கிய பிட்டே உதவும். மரையின் ஆழம் கொஞ்சம் குறையும், ஆனால் டேப்பின் சுமை நிறையக் குறையும். 5 மி.மீ. கனத்தில் உங்களுக்குக் கிடைப்பது நாலு மரைதான், இந்த வேலைக்கு அது தாங்கும். மூன்று டேப் கொண்ட செட்டில் முதல் டேப்பை நேராக நிறுத்தி, எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்று பின்னே வந்து சுருளை உடைத்துக்கொண்டே போங்கள். டேப் இறுகுவது கையில் தெரிந்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், முழுக்கப் பின்னால் எடுத்துத் துடைத்து மறுபடி விடுங்கள்.

கைப்பிடி திரும்புகிற இடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ். பின் எஸ்.எஸ். ஓட்டைக்குள் அழுத்தத்தோடு திரும்பினால் ஒன்றையொன்று பிறாண்டி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுத்தியலால்கூடக் கழற்ற முடியாது. போல்ட், நட்டிலும் இதே ஆபத்து உண்டு, இறுக்குவதற்கு முன் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். திரும்பும் ஓட்டையை 12 ஆகப் பெரிதாக்கி, உள்ளே 10 துளையுள்ள ஒரு நைலான் புஷ் (குழாய் வளையம்) அடித்துவிடுங்கள், லேத் பட்டறையில் சொன்னால் கடைந்து தருவார்கள். பித்தளையும் ஓடும், ஆனால் ஈரத்தில் பச்சை பிடிக்கும்.

கோவை லேத்:

ஐயா சொன்ன புஷ் சரியான யோசனை. கடைசியாக மெருகு போடும்போது, இரும்பு அரைத்த டிஸ்க்கை இந்தப் பிளேட்டில் வைக்காதீர்கள். இரும்புத் துகள் எஸ்.எஸ்.ஸில் பதிந்து, கழுவின பிறகு புள்ளி புள்ளியாகத் துரு காட்டும், 304 என்று சோதித்து வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும். புது ஃபிளாப் டிஸ்க் ஒன்றை இதற்கென்று தனியாக வையுங்கள், இரும்புக் கம்பி பிரஷ்ஷும் கூடாது, எஸ்.எஸ். கம்பி பிரஷ் கிடைக்கும். ஓட்டைகளின் இரண்டு வாயிலும் பிசிறு எடுத்துவிடுங்கள், கழுவும்போது அம்மாவின் கையில் படும் இடம் அது.