வைகாசி பிறந்தும் கொண்டல் ஓயவில்லை: உப்பளத்தில் மறுபடி எப்போது தொடங்கலாம்?

கேள்வி: அகஸ்தியன்பள்ளி உப்பளத்தார்

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளியில் ஏழு ஏக்கர் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தி வருகிறேன். கத்திரி தொடங்கிப் பன்னிரண்டு நாட்களாகின்றன. வெயில் என்று சொல்லும்படி ஒரு நாள்கூட எங்களுக்கு அமையவில்லை. கடைசி ஆறு நாட்களாக வானம் மூடியே கிடக்கிறது. பகலெல்லாம் கிழக்கிலிருந்து கொண்டல் வீசுகிறது. இரவில் இடியும் மின்னலுமாக மழை இறங்குகிறது. வழக்கமாக இந்த நாட்களில் நண்பகலில் பாத்தியில் இறங்கினால் கால் சுடும். நேற்று பன்னிரண்டு மணிக்குக் கொட்டகையில் மாட்டியிருக்கும் வெப்பமானி 28 டிகிரிதான் காட்டியது. உப்பு வார வந்த பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வேலையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இது மார்கழியில் நான் காணும் காட்சி.

வங்கக் கடலின் தென்கிழக்கில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாகவும், அது வலுவடைந்து வடமேற்காகவும் பிறகு வடக்காகவும் நகரக்கூடும் என்றும் செய்தியில் சொல்கிறார்கள். கொட்டகை வாசலில் நான் வைத்திருக்கும் மழைமானியில் ஆறு நாட்களில் 6 செ.மீ. சேர்ந்திருக்கிறது. உப்புப் பாத்தியில், நீரின் உப்படர்த்தியை அளக்கும் மானியில் 24 டிகிரிக்கு ஏறி, இன்னும் இரண்டு நாள் வெயில் கிடைத்தால் உப்பாகிவிடும் என்றிருந்த நீர் 15 டிகிரிக்கு இறங்கிவிட்டது. வாரிக் குவித்திருந்த அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடியும், கிழக்குப் பக்கம் காற்றோடு வந்த சாரல் உள்ளே புகுந்து அடியைக் கரைத்திருக்கிறது. ஒரு சாண் உயரம் குறைந்துவிட்டது.

மழை நின்றவுடன் பாத்தி நீர் முழுவதையும் வடித்துவிட்டுப் புதுநீர் பாய்ச்ச வேண்டும் என்பது என் அப்பாவின் முறை. அப்படிச் செய்வதா, அல்லது பொறுத்திருப்பதா என்று முடிவெடுக்க முடியவில்லை. இந்தக் குளிர் எதனால் வந்தது, அந்தத் தாழ்வு மண்டலம் விலகினால் உடனே வெயில் திரும்புமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். பங்குனி முதல் ஆனி வரை வாருகிற உப்பில்தான் ஆண்டு முழுவதற்குமான குத்தகையும் கடனும் அடைபடுகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பாத்திகளைக் கடல் சேற்றால் மூடிவிட்டுப் போனதிலிருந்து, புயல் என்ற சொல் காதில் விழுந்தால் அம்மா இரவில் படுப்பதில்லை.

பதில் 1: கடலூர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்

வணக்கம் தம்பி. உங்கள் கேள்விக்கான விடை, புயல் எவ்வளவு வலுவானது என்பதைவிட, அது உங்களுக்கு எந்தத் திசையில் நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் புயல் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஒரு தாளில் வேதாரண்யத்தைக் குறித்து, அதற்குத் தென்கிழக்கே கடலில் ஒரு சுழியைப் போட்டு, அந்தச் சுழற்சியை விரலால் வரைந்து பாருங்கள். உங்கள் ஊரைத் தொடும் காற்று வடகிழக்கிலிருந்து கடல்மேல் தவழ்ந்து வருவதாக இருக்கும். அந்தக் காற்று ஈரத்தையும் மேகத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. மேகம் வெயிலை மறைக்கிறது, மழைநீர் ஆவியாகும்போது காற்றிலுள்ள சூட்டை எடுத்துக்கொள்கிறது, உள்நாட்டுக் கரிசலும் செம்மண்ணும் சுட்டெடுத்த காற்று கடற்கரைப் பக்கம் வரவே வழியில்லாமல் போகிறது. உங்கள் வெப்பமானி 28 காட்டியதற்கு இவ்வளவுதான் காரணம்.

இப்போது அதே சுழியை வடக்கே நகர்த்தி, ஆந்திரக் கடற்கரைக்கு அப்பால் வையுங்கள். நீங்கள் அதற்குத் தென்மேற்கில் இருப்பீர்கள். உங்களைத் தொடும் காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும், நிலத்தின்மேல் காய்ந்து வரும். இன்று குளிரைத் தந்த அதே புயல், மூன்று நாள் கழித்து அனலைத் தரும். கடற்காற்று கரையேற முடியாதபடி மேற்குக்காற்று தடுத்துவிடுவதால், கத்திரியில் வர வேண்டிய வெயிலைவிடக் கடுமையான வெயில்கூட வரலாம்.

சில ஆண்டுகளை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2016 மே மாதம் ரோனு புயல், இலங்கைக்கு அருகில் தாழ்வு மண்டலமாக இருந்தபோதே அங்கே பெருமழை கொட்டி, 17ஆம் தேதி அரநாயக்கவில் மலைச்சரிவு ஏற்பட்டுப் பலர் மாண்டார்கள். அது கரையை ஒட்டியே வடக்கே போனதால் சென்னையும் நனைந்தது; கடைசியில் 21ஆம் தேதி வங்கதேசத்தின் சிட்டகாங் பக்கம் கரையேறியது. 2022இல் அசானி, மே 11 அன்று மச்சிலிப்பட்டினம் வரை கரைக்கு நெருங்கி வந்தது. அந்த நாட்களிலும் வட தமிழகக் கடற்கரை மேகத்துக்குள்தான் இருந்தது. இவற்றுக்கு மாறாக, 2019இல் ஃபானி தமிழகத்துக்கு வரும் என்று பலரும் எதிர்பார்த்திருக்க, அது நடுக்கடலிலேயே வளைந்து மே 3 அன்று ஒடிசாவின் பூரியில் கரையேறியது. நமக்கு மழைக்குப் பதிலாக வறண்ட காற்றுதான் கிடைத்தது. 2023 மே தொடக்கத்தில் நல்ல மழை. மோக்கா மியான்மரின் சிட்வே பக்கம் போன பிறகு வெயில் சுட்டது. இன்னும் பின்னால் போனால் 2003 மே. அம்மாத நடுவில் வங்கக் கடல் புயலின் மழையால் இலங்கையின் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. அதே மாதம் 31ஆம் தேதி சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. ஒரே மாதத்தில் நடந்தவை இவை.

ஆகவே நாள்தோறும் அறிக்கை வரும்போது காற்றின் வேகத்தை மட்டும் கேட்காமல், மையம் எந்த ஊருக்குக் கிழக்கே எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதைக் குறித்து வையுங்கள். மணிக்கு 12 கி.மீ. நகர்ந்தாலே ஒரு நாளில் ஏறக்குறைய 300 கி.மீ. போய்விடும். மையம் சென்னைக்கு நேர் கிழக்கைத் தாண்டிவிட்டது என்று அறிந்த நாளிலிருந்து உங்கள் பக்கம் காற்று திரும்பத் தொடங்கும். அது ஓரிடத்தில் நின்றுவிட்டால் இந்தக் குளிரும் நீடிக்கும். அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மார்ச் முதல் மே வரையிலான கோடை மழை தமிழகத்துக்குச் சராசரியாகச் சுமார் 12 செ.மீ. அதில் பாதியை நீங்கள் ஒரே வாரத்தில் வாங்கியிருக்கிறீர்கள். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் ஏப்ரல் 30 அன்று உங்கள் ஊரில்தான் உப்பு அள்ளினார்கள். அந்த ஊரில், அதே பருவத்தில், உப்புக் கரைந்து கிடக்கிறது என்று படிக்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

பதில் 2: தூத்துக்குடி, மூன்று தலைமுறை உப்புத் தொழில்

அண்ணாச்சி, வணக்கம். ஆசிரியர் ஐயா காற்றைப் பற்றிச் சொன்னது எங்கள் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. நான் பாத்தியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தயவுசெய்து அந்த 15 டிகிரி நீரை வடித்துவிடாதீர்கள். கடல்நீர் 3 டிகிரி சொச்சம்தான் இருக்கும். உங்கள் பாத்தியில் இப்போது நிற்பதில் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் உப்பு இருக்கிறது. அதை வாய்க்காலில் விட்டுவிட்டுக் கடல்நீரிலிருந்து தொடங்கினால், வெயில் நன்றாக அடித்தாலும் இழந்த நாட்களை இந்தப் பருவத்தில் மீட்க முடியாது. ஏக்கருக்கு 1 செ.மீ. மழை என்றால் 40,000 லிட்டர். நீங்கள் சொல்லும் 6 செ.மீ. மழையில் ஏக்கருக்கு 2,40,000 லிட்டர் நல்ல தண்ணீர் விழுந்திருக்கிறது. வெயில் எடுத்துப்போக வேண்டியது அந்தத் தண்ணீரைத்தான். அதற்காக உப்பையும் சேர்த்துக் கொட்ட வேண்டியதில்லை. அந்த நீரைத் தெப்பம் எனும் ஆழமான தேக்கத்துக்கு ஏற்றிச் சேமித்து வைத்துக்கொண்டு, வெறும் பாத்தியைச் சீர்செய்யுங்கள். பரப்பு குறைந்து ஆழம் கூடினால், அடுத்து ஒரு மழை பெய்தாலும் அதிகம் கெடாது.

இன்னொன்று, இனி வரும் மழைக்கு உதவும். காற்றில்லாமல் மழை பெய்தால் மழைநீர் கனமான உப்புநீரோடு உடனே கலக்காது; எண்ணெய்போல மேலே படர்ந்து நிற்கும். விடிவதற்குள் எழுந்து, மடையின் மேல்பலகையை மட்டும் இரண்டு விரல் அளவு தணித்தால், அந்த மேல்நீர் தனியாக வழிந்துவிடும்; கீழே டிகிரி அவ்வளவாக இறங்காது. விரலை நனைத்து நாக்கில் வைத்தாலே எது மேல்நீர், எது அடிநீர் என்று தெரியும். காற்று எழுந்துவிட்டால் இரண்டும் கலந்துபோகும். பிறகு அந்த வழி இல்லை. ஆறு நாள் கொண்டலில் உங்களுடையது ஏற்கெனவே கலந்திருக்கும்.

உங்கள் அப்பா சொன்னதும் ஒரு வகையில் சரியானதுதான். இரண்டு மூன்று முறை உப்பு வாரிய பழைய நீர் பாத்தியில் இருந்தால், அதைக் கட்டாயம் வடித்துவிட வேண்டும். 29 டிகிரியைத் தாண்டிய நீரில் கசப்பு ஏறிவிடும். அதில் மழை கலந்து டிகிரி இறங்கினாலும் கசப்பு போகாது, உப்பின் நிறமும் ருசியும் கெடும். உங்களுடையது இந்த முறை இன்னும் வாராத புதுநீர் என்று நீங்கள் எழுதியதிலிருந்து தெரிவதால்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

பாத்தி நீரை ஏற்றியதும் தரையை மிதிக்க ஆள் விடுங்கள். மழையில் ஊறிய களி இளகியிருக்கும். அதன்மேல் உப்பு விளைந்தால் வாரும்போது சேறும் சேர்ந்து வரும். குதிகாலை ஊன்றிப் பாருங்கள். சுற்றிலும் நீர் கசிந்தால் இன்னும் ஆகவில்லை. தடம் மட்டும் பதிந்து ஓரம் உடையாமல் நின்றால் நீர் பாய்ச்சலாம். வெயிலைக் கண்டவுடன் திறந்துவிட வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வெயில் இருந்தும் கொண்டல் வீசினால், அந்த ஈரக்காற்றில் டிகிரி ஏறவே ஏறாது. நாங்கள் வெயிலைவிடக் காற்றைத்தான் பார்த்துத் திறப்போம்.

பதில் 3: நாகப்பட்டினம், மீனவர் குடும்பம்

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை இருப்பதால் எங்கள் விசைப்படகுகள் கட்டித்தான் கிடக்கின்றன. கண்ணாடியிழைப் படகில் கரையோரம் போகிறவர்களும் ஐந்து நாளாகக் கடலுக்குப் போகவில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், வடக்கிலிருந்து இழுக்கிறது. வைகாசியில் அது தெற்கிலிருந்து வர வேண்டும்.

காற்று திரும்புவதை அறிய எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பது பின்னிரவைத்தான். ஒழுங்கான கோடையில் பின்னிரவு மூன்று மணிக்குக் கரைக்காற்று இறங்கும். அதில் வைக்கோலும் காய்ந்த மண்ணும் மணக்கும். இந்த ஆறு நாட்களில் ஒரு இரவுகூட அது வரவில்லை, விடிய விடியக் கடல்வாடையாகவே இருக்கிறது. கரைக்காற்று திரும்ப இறங்கிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கச்சான் எனும் மேற்குக்காற்று எழும். உங்கள் உப்பளம் கோடியக்கரை முனையை ஒட்டி இருப்பதால், தெற்கிலிருந்தும் ஈரக்காற்று வரும். எனவே எங்களைவிட ஒரு நாள் கூடுதலாகப் பொறுப்பது நல்லது.

பதில் 4: கடலூர், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்

நாகை நண்பரின் குறிப்பு மிகவும் பயனுள்ளது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். புயல் வடக்கே போகும்போது தென்மேற்குப் பருவக்காற்றையும் இழுத்துவிடுவது உண்டு. கேரளத்தில் பருவமழை தொடங்க வேண்டிய நாள் ஜூன் 1. 2025இல் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. அப்படி நேர்ந்தால், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இப்பால் இருக்கும் உங்களுக்குக் காற்று வலுவாகவும் வறண்டும் கிடைக்கும். ஆனால் மாலை நேரங்களில் உள்நாட்டில் உருவாகும் இடிமழை, மேற்குக்காற்றோடு தள்ளப்பட்டுக் கடற்கரைக்கு வரக்கூடும். அம்பாரத்துக்கு இதுவரை கிழக்குப் பக்கத்தைக் காத்தீர்கள். இனி மேற்குப் பக்கக் கீற்றையும் இறுக்கிக் கட்டுங்கள்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாட்களுக்குப் பிறகு

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. தூத்துக்குடி அண்ணாச்சி சொன்னபடி நீரை வடிக்காமல் தெப்பத்துக்கு ஏற்றினேன். அப்பாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. புதுநீர், இன்னும் வாராதது என்று எடுத்துச் சொன்னதும், தானே மோட்டார் அருகில் நின்று பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் பின்னிரவில் அம்மாதான் என்னை எழுப்பி, காற்று மாறியிருக்கிறது என்றார். வெளியே வந்து நின்றேன்; வைக்கோல் வாசம் தெளிவாகத் தெரிந்தது. மறுநாள் மையம் ஆந்திரக் கரைக்கு அப்பால் இருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். அன்று நண்பகல் வெப்பமானி 37 காட்டியது, அடுத்த நாள் 39.

இருந்தும் இரண்டு நாள் பொறுத்தே திறந்தேன். குதிகால் தடம் உடையாமல் நின்ற மூன்று பாத்திகளில் மட்டும் நீர் விட்டிருக்கிறேன். மற்றவற்றில் இன்னும் மிதிக்கிறார்கள். விட்டபோது 16 டிகிரியாக இருந்த நீர் இன்று காலை 22. தெற்கு ஓரத்தில், நீர் மெலிந்து நிற்கும் இடத்தில், கைப்பிடி அகலத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. நாளை மேற்குப் பக்கக் கீற்றைக் கட்டிவிட்டு, நான்காம் பாத்தியைத் திறக்கப் போகிறேன்.