லண்டன் – கல்கத்தா பஸ்: 50 நாளா, 51 நாளா?

டபுள்கிளட்ச்:
வாட்ஸ்ஆப்பில் மறுபடியும் அதே படம், அதே வரி: “1957இல் ஆல்பர்ட் கம்பெனியின் மாடி பஸ் லண்டனிலிருந்து கல்கத்தாவுக்கு 50 நாளில் போனது, டிக்கெட் 145 பவுண்டு.” இரண்டு பஸ்களைப் போட்டுப் பிசைந்திருக்கிறார்கள். 1957 ஏப்ரல் 15 அன்று லண்டனிலிருந்து 20 பேரோடு கிளம்பியது காரோ-ஃபிஷர் என்பவர் நடத்திய ‘இண்டியாமேன்’ பஸ். மாடி கிடையாது. போக 85 பவுண்டு, திரும்ப 65. ஆல்பர்ட் 1968 அக்டோபரில்தான் சிட்னியில் கிளம்பி, 132 நாளில் லண்டன் சேர்ந்தது. 145 பவுண்டு 1970களின் கட்டணம். இன்னொன்று: இண்டியாமேன் கல்கத்தா சேர்ந்தது ஜூன் 5. அது 50 நாள் இல்லை, 51.

மைல்கல்_47:
52. கிளம்பின நாளையும் எண்ண வேண்டாமா?

டபுள்கிளட்ச்:
ஏப்ரலில் மீதி 15, மே 31, ஜூன் 5. கூட்டினால் 51.

கூஜா:
ஒரு தடவை போனதை ‘பஸ் சேவை’ என்று சொல்லலாமா? அதை முதலில் முடிவு பண்ணுங்களேன்.

மைல்கல்_47:
1972 ஆல்பர்ட் அட்டவணையைப் பாருங்க சார். லண்டன் ஜூலை 25, கல்கத்தா செப்டம்பர் 11, 49 நாள் என்று போட்டிருக்கிறது. உங்கள் கணக்கில் 48தான் வரும். பஸ்காரனே கிளம்பின நாளைச் சேர்க்கிறான். அப்படியானால் 1957க்கு 52.

டபுள்கிளட்ச்:
அது விளம்பர அட்டை. நான் சொல்வது பயணக் காலம். 51.
நாளை விடுங்கள், மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல் நடுவில் கிளம்பினால்தான் கிழக்குத் துருக்கியில் பனி இளகிய பிறகு ஏற முடியும். எர்சுரூம் ஊரே சுமார் 1,900 மீட்டர் உயரம். அதைத் தாண்டி வரும் தாஹிர் கணவாய் 2,400க்கும் மேல். தாமதித்தால் பலுசிஸ்தான் வெயில், அதற்கும் பிறகு கங்கைச் சமவெளியில் மழை. ஜூன் 5 என்பது கல்கத்தாவில் பருவமழை இறங்குவதற்குச் சற்று முன்பு. 1972இல் ஜூலையில் கிளம்பத் துணிந்ததற்குக் காரணம் ஆப்கன் சாலை. 1960களில் ஹெராத்–காந்தஹார் சோவியத் கான்கிரீட், காந்தஹார்–காபூல் அமெரிக்கத் தார். சாலை வந்ததும் பருவத்தின் பிடி தளர்ந்தது.

ரேடியேட்டர்_ரவி:
சாலை மட்டும் போதாது அண்ணே. மண்சாலையின் அலை அலையான மேட்டில், ஸ்பிரிங் பட்டைக் கட்டை அச்சோடு பிடிக்கும் யூ-போல்ட் தளரும். கட்டு நகர்ந்து சென்டர் போல்ட் அறுந்துவிடும், அச்சு பின்னுக்குப் போகும். தினமும் சாயங்காலம் முறுக்க வேண்டும். இன்ஜினுக்குப் போகும் காற்றை எண்ணெயால் வடிகட்டும் ஆயில் பாத் ஃபில்டரில் தூசி சேர்ந்து எண்ணெய் சேறாகும். அதை மாற்றாமல் ஓட்டினால் பிஸ்டன் ரிங் தேய்ந்து புகை கக்கும்.

மைல்கல்_47:
மாடி பஸ்ஸுக்கு ஃபில்டரைவிட உயரம்தான் வினை. 14 அடிக்கு மேல் நிற்கும். தாழ்ந்த மின்கம்பி, சுரங்கம், மரக்கிளை எல்லாம் பார்க்கணும். இஸ்தான்புல்லின் போஸ்போரஸ் பாலத்தில் மட்டும்தான் நிம்மதி.

டபுள்கிளட்ச்:
எந்தப் பாலம்? அது திறந்தது 1973 அக்டோபர் 30. இண்டியாமேனும் 1972 ஆல்பர்ட்டும் படகில்தான் கடந்திருக்க முடியும். இதுகூடத் தெரியாமல் எனக்கு நாள் எண்ணச் சொல்லித் தருகிறீர்கள்.

மைல்கல்_47:
1973க்குப் பிறகு ஓடிய ஆல்பர்ட்டைச் சொன்னேன். கைபர் கணவாய் பற்றிய பழைய விவாதத்திலும் இப்படித்தான் என் வாயில் இல்லாததைப் போட்டீர்கள். மறக்கவில்லை.

கூஜா:
அப்போ 1957 பஸ் திரும்பவே இல்லையா?

டபுள்கிளட்ச்:
திரும்பியது, ஆகஸ்ட் 2 அன்று, 16 நாள் தாமதமாக. அப்போது பரவிய ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூவால் பாகிஸ்தான்–ஈரான் எல்லையை மூடியிருந்தார்கள். இண்டியாமேனைப் பற்றி எழுத வேண்டிய செய்தி இது. அதை விட்டுவிட்டு, அந்தப் பெயரையே அழித்து ஆல்பர்ட்டின் பலகையை மாட்டுகிறார்கள். அதுதான் எரிகிறது.

மைல்கல்_47:
அந்த 16 நாளில் கடைசி நாளைச் சேர்த்தீர்களா, இல்லையா?

டபுள்கிளட்ச்:
51. நூறு தடவை கேட்டாலும் 51.

ரேடியேட்டர்_ரவி:
யூ-போல்ட் விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மைல்கல்_47:
52.