4 ஜிபி கம்ப்யூட்டர்ல பிரவுசர் உறையுது: முதல்ல ரேமா, எஸ்எஸ்டியா?

தண்டையார்பேட்டை ஜெராக்ஸ் கடை ஒண்ணுல இருக்குற கம்ப்யூட்டர். ஒரு மாசமா அஞ்சாறு டேப் திறந்தாலே பிரவுசர் நின்னுடுது. தட்டுன எழுத்து மூணு நாலு செகண்ட் கழிச்சுத்தான் திரையில வருது. கவுண்டர்ல விண்ணப்பம் போட வந்தவங்க வரிசை நீளுது.

பிராசசர் ஐ3 நாலாவது தலைமுறை, ரேம் (ஓடுற வேலையைத் தற்காலிகமா வச்சுக்குற மெமரி) டிடிஆர்3 4 ஜிபி ஒரே ஸ்டிக், இன்னொரு ஸ்லாட் காலி. 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு டிரைவ்) இல்ல. விண்டோஸ் 10, 64 பிட். நெட்டைச் சந்தேகப்பட வேணாம், அதே வைஃபையில போன் பறக்குது.

பிரவுசர் கேஷ் (சேமிச்சு வச்ச தற்காலிக ஃபைல்கள்) அழிச்சாச்சு, புது ப்ரொஃபைல் போட்டாச்சு. எக்ஸ்டென்ஷன்ல விளம்பரத் தடுப்பான் மட்டும்தான் மிச்சம். ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை (கிராஃபிக்ஸ் வேலையை ஜிபியுவுக்கு விடுற வசதி) ஆஃப் பண்ணியும் பார்த்தாச்சு. குரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டிலும் அதே கதை, அதனால கோளாறு பிரவுசர்ல இல்லைன்னுதான் தோணுது. குரோம்ல மெமரி சேவர் (பார்க்காத டேப்பை மெமரியிலேருந்து இறக்குற வசதி) போட்டா கொஞ்சம் மூச்சு விடுது. ஆனா ஓரமா விட்ட டேப்புக்குத் திரும்புனா பக்கம் மறுபடி லோடாகுது, சில தளத்துல லாகின் போய் திரும்ப ஓடிபி கேக்குது. அந்தத் தளங்களை எப்பவும் ஆக்டிவா வைக்கிற பட்டியல்ல சேர்த்தா மெமரி பழையபடி நிரம்பிடுது.

உறையுற நேரத்துல டாஸ்க் மேனேஜர்ல மெமரி 92%, டிஸ்க் 100%, சிபியு 30 தாண்டல. ரேம் பத்தாம, அதுல இருக்குறதை விண்டோஸ் மெதுவான டிஸ்க்குக்குத் தள்ளுதுன்னு நினைக்கிறேன். டிஸ்க் நிலையைச் சோதிக்குற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் டிஸ்க்கை 'குட்'னுதான் காட்டுது.

இப்ப ஒண்ணுக்குத்தான் பட்ஜெட்: இந்த அறிகுறிக்கு முதல்ல இன்னொரு 4 ஜிபி ஸ்டிக் போடணுமா, 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போடணுமா?